தர்மபுரி தண்ணியும் 200 வருஷத்துக்கு முந்தைய ஒரு ஸ்வீடன் கிச்சனும்!

தர்மபுரி மாவட்டத்துல பென்னாகரம், பாலக்கோடு பக்கம் உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா? குரூப் செல்ஃபி எடுக்கும்போது அவங்கள்ல சிலர் வாயை மூடிக்கிட்டே சிரிப்பதைக் கவனிச்சிருப்பீங்க. பல்லில் பழுப்புக் கறை. எந்த பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. சின்ன வயசுல, நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே வளர்ந்துக்கிட்டு இருந்தப்போ குடிச்ச போர் தண்ணிதான் காரணம். அங்குள்ள பாறைகளில் இருக்கும் ஃபுளூரைடு கொஞ்சம் கொஞ்சமா நிலத்தடி நீரில் கரையுது. பல வருஷம் விடாமல் குடித்தால் எலும்பு வரைக்கும் போய், முதுகையும் மூட்டுகளையும் மடக்க முடியாதபடி இறுக்கிவிடும்.

இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. 1.5 மில்லிகிராம்னா எவ்வளவு தெரியுமா? உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற ஒரு கடுகோட எடைகூட வராது. நிறம் இல்லை, வாசனை இல்லை, நாக்குக்கும் தெரியாது. இதைப் போய் ஒரு மனுஷன் எப்படித் தேடிப் பிடிச்சிருப்பார்?

அவர் பெயர் யோன்ஸ் ஜேக்கப் பெர்சிலியஸ். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்பீங்க. ஆக்சிஜனுக்கு ஓ, கார்பனுக்கு சி என்று எழுத்தால் குறிக்கும் பழக்கத்தை 1813 வாக்கில் ஆரம்பிச்சு வெச்சவர் இவர்தான். பரீட்சைக்கு முதல் நாள் நீங்க யாரைத் திட்டணும்னு இப்போ தெரிஞ்சுதா?

1779 ஆகஸ்ட் 20-ம் தேதி ஸ்வீடனில் ஒரு கிராமத்தில் பிறந்தார். பத்து வயசுக்குள்ளேயே அப்பா, அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. சொந்தக்காரங்க வீடு, மாற்றுத் தகப்பன் வீடு என்று வளர்ந்த பையன், உப்சாலாவில் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1800 கோடையில் மெடவி என்ற நீரூற்று ஊரில் டாக்டருக்கு உதவியாளர் வேலை. நோயாளிகள் குடிக்கிற அந்த ஊற்றுத் தண்ணியில் அப்படி என்னதான் இருக்குன்னு சோதிச்சுப் பார்த்தார். அதுவே அவரோட ஆரம்ப கால ஆராய்ச்சி. பிறகு செயற்கை மினரல் வாட்டர் பிசினஸில் இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டு, பல வருஷம் கடன் கட்டினார். (ஸ்டார்ட்-அப் தோத்துப் போனவங்க கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம்.) தண்ணீர் மட்டும் அவரைக் கடைசி வரை விடவே இல்லை.

1807-ல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர் ஆனார். பெரிய ஆள் ஆச்சே, பிரமாண்டமான லேப் இருந்திருக்கும்னு நினைப்பீங்க. ரெண்டு சாதாரண அறைகள், அவ்வளவுதான். கேஸ் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. உலை பக்கத்துச் சமையலறையில். அங்கே எப்போதும் சூடா ஒரு மணல் தட்டு இருக்கும். அதே இடத்தில் அன்னா என்கிற சமையல்காரம்மா மதியச் சாப்பாடும் செய்வாங்க, லேப் பாத்திரங்களும் கழுவுவாங்க. 1823-ல் பாடம் கத்துக்க வந்த ஜெர்மானிய மாணவர் வோலர் இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கார். ஒரு நாள் கழுவுற பாத்திரத்தில் ஆக்ஸிமியூரியாட்டிக் அமிலம் நாறுதுன்னு அன்னா சொல்ல, இனிமே அதை குளோரின்னு சொல்லு, அதுதான் சரின்னு பெர்சிலியஸ் திருத்தினாராம். புதுப்பெயர் சமையலறைக்குள்ளும் வந்தாச்சு!

அந்த அறைகளில் நடந்ததுதான் எடையறி பகுப்பாய்வு. பிளஸ் டூவில் சால்ட் அனாலிசிஸ் பண்ணினப்போ பேரியம் குளோரைடு ஊத்தினதும் வெள்ளையா வீழ்படிவு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாம சல்ஃபேட் இருக்குன்னு எழுதிட்டு நகர்ந்துட்டோம். பெர்சிலியஸுக்கு வேலையே அங்கேதான் ஆரம்பம். அந்த வெள்ளைப் பொடியை ஒரு துளிகூட சிந்தாமல் வடிகட்டணும். ஒட்டியிருக்கிற மற்ற உப்புகள் போக, திரும்பத் திரும்பக் கழுவணும். வடிதாளோடு சேர்த்துக் குகையில் வெச்சு எரிக்கணும். ஆறும்போது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்காமல் பார்த்துக்கணும். அப்புறம்தான் தராசு. ஒரு தடவை எடை போட்டால் போதாது. மறுபடி சூடாக்கி, ஆறவெச்சு, மறுபடி எடை. முந்தைய எடையே திரும்ப வரும் வரைக்கும் விடக் கூடாது. எரிஞ்ச தாளின் சாம்பல்கூட கணக்கைக் கெடுக்கும் என்பதால், சாம்பல் ரொம்பக் குறைவா மிஞ்சும் ஸ்வீடன் தாளைத் தேர்ந்தெடுத்தார்.

இப்படிப் பத்து வருஷத்தில் சுமார் 2,000 சேர்மங்கள்! 1826-ல் அவர் வெளியிட்ட ஈயத்தின் அணு எடை, இன்றைய அளவுக்கு மாத்தினால் 207.12. இன்னிக்கு நம்ம புத்தகத்தில் இருப்பது 207.2.

1822-ல் உடம்பு சரியில்லாமல் கார்ல்ஸ்பாத் வெந்நீர் ஊற்றுக்குப் போனார். இன்னிக்கு அது செக் நாட்டில் இருக்கு. ஓய்வெடுக்கப் போன இடத்திலும் கை சும்மா இருக்கலை. தண்ணீரை வத்தக் காய்ச்சி, மிஞ்சின உப்பைப் பிரிச்சுப் பிரிச்சு எடை போட்டார். ஒரு கிலோ தண்ணீரில் மொத்த உப்பு கிட்டத்தட்ட 5.46 கிராம். அந்தப் பட்டியலில் 0.0032 கிராம் கால்சியம் ஃபுளூரைடு! அதில் ஃபுளூரைடு மட்டும் எவ்வளவுன்னு கணக்குப் போட்டால் சுமார் 1.56 மில்லிகிராம். நம்ம 1.5 கோட்டைத் தாண்டின அளவு, பாருங்க.

அது எலும்பை என்ன செய்யும்னு அப்போ யாருக்கும் தெரியாது. 1937-ல்தான், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளையாமல் இறுகிப்போன விவசாயிகளுக்குத் தண்ணீரின் ஃபுளூரைடுதான் காரணம்னு மருத்துவர்கள் எழுதினாங்க. பெர்சிலியஸ் அதற்கு ரொம்ப முன்னாடியே, 1848 ஆகஸ்ட் 7-ம் தேதி இறந்துட்டார். 56 வயசுல 24 வயசுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினதும், அதற்கு ராஜா பேரன் பட்டம் கொடுத்ததும் தனிக் கதை.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் வருது. ஆனாலும் குழாயில் வராத நாளில் கை தானா போர் பக்கம்தானே போகுது? காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்னு உங்க வீட்டிலும் யாராவது சொல்வாங்க. கிருமி சாகும். ஃபுளூரைடு போகாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும். கார்ல்ஸ்பாத்தில் பெர்சிலியஸ் அதைப் பிடிச்சதே காய்ச்சி வத்தவெச்சுத்தான்! இப்போ ஃபுளூரைடை அளக்க மின்முனைக் கருவி இருக்கு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்தால் சோதிச்சுத் தருவாங்க. கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடிச்சிட்டுப் போங்க. ஃபுளூரைடு கண்ணாடியோடு சேர்ந்து கணக்கைக் கெடுக்கலாம்.