திருத்தணியை விட்டுப் புறப்பட்ட சிறுவன்

திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவே எழுபது கிலோ மீட்டர் கூட இராது. ஆனால் எட்டு வயதுப் பையனுக்கு அது பெரிய தூரம்தான். 1896-ம் ஆண்டு அந்தத் தூரத்தைக் கடந்து திருப்பதி லூதரன் மிஷன் பள்ளியில் படிக்க வந்த பையன், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

சர்வபள்ளி என்ற குடும்பப் பெயரே, ஊரை விட்டு வந்தவர்கள் அவர்கள் என்பதைச் சொல்லிவிடும். அது நெல்லூர் ஜில்லாவில் உள்ள ஊர். முன்னோர் அங்கிருந்து தெற்கே வந்து தங்கியவர்கள். தந்தை வீராசாமிக்கு ஜமீனில் சொற்ப வருமானமுள்ள உத்தியோகம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். 5-9-1888-ல் பிறந்த ராதாகிருஷ்ணன் இரண்டுக்கும் நடுவே வளர்ந்தார்.

திருப்பதிக்குப் பின் வேலூர் ஊரிஸ் கல்லூரி, அதன் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. பள்ளிக்கூடம் எங்கே இருந்ததோ அங்கே போனார், உபகாரச் சம்பளம் கிடைத்தது, படித்தார். தத்துவம் எடுத்துக்கொண்டதும் அப்படித்தான். உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம்!

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, குடும்பம் பெரிது. பிறகு அனந்தப்பூர், ராஜமுந்திரி என்று மாற்றல்கள். உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்கு மேல் விளக்கம் சொல்ல நம் வாசகர்களுக்குத் தேவையில்லை.

1918-ல் மைசூர் மகாராஜா கல்லூரிப் பேராசிரியரானார். நல்ல பதவி, நல்ல ஊர், பிரியமுள்ள மாணவர்கள். புறப்பட்டால் மறுநாள் சென்னை போய்ச் சேரலாம். அப்போதுதான் கல்கத்தா பல்கலைக் கழகத்திலிருந்து சர் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பு வந்தது. இந்தியாவில் தத்துவத்துக்கென்று இருந்த மிகப் பெரிய பேராசிரியர் பதவி அது. ஆனால் ஊரும் புதிது, பாஷையும் புதிது. வங்காளி அல்லாதவர் அந்த நாற்காலியில் அமர்வதை விரும்பாதவர்களும் அங்கே இருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 33கூட ஆகவில்லை. மனைவி, பெண் குழந்தைகள். இருப்பதா, போவதா?

இந்த முறை எந்த மாற்றல் உத்தரவும் கிடையாது. தாமே முடிவு செய்ய வேண்டும். போவதென்றே முடிவு செய்தார். 1921-ல் மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில் மாணவர்கள் பூக்களால் அலங்கரித்த வண்டியில் அவரை ஏற்றி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயிலடி வரை இழுத்துச் சென்றார்கள். கல்கத்தாவில் அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த பிரஜேந்திரநாத் ஸீல் அதே ஆண்டு மைசூர்ப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக வந்து சேர்ந்தார்.

1931-ல் ஆந்திரப் பல்கலைக் கழகத் துணைவேந்தரானதும் சித்தூர்க்காரர்கள் அறிய வேண்டிய செய்தி. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் சித்தூர் கட்டமஞ்சியில் பிறந்த சி. ஆர். ரெட்டி. 1936-ல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டு பேராசிரியராகப் போனதும் திரும்ப வந்தவரும் ரெட்டியே. ஆக்ஸ்போர்டுக்குப் போனபோதும் ராதாகிருஷ்ணன் இந்தியாவை விட்டுவிடவில்லை. ஆண்டில் ஒரு பகுதி அங்கே, ஒரு பகுதி கல்கத்தாவில். இப்படி இரண்டு இடத்திலும் கால் ஊன்றுவது எல்லோருக்கும் வாய்க்காது.

பிறகு காசி, மாஸ்கோ, டில்லி. அவர் டில்லியில் உப ஜனாதிபதியாக இருந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. அவர் பிறந்தபோது வட ஆர்க்காட்டில் இருந்த திருத்தணி, 1911-ல் உண்டான சித்தூர் ஜில்லாவில் சேர்ந்து, 1953-ல் ஆந்திராவுக்குப் போயிருந்தது. ம. பொ. சி.யும் மற்றவர்களும் போராடினார்கள். படாஸ்கர் சிபாரிசின் பேரில் 1-4-1960 அன்று திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. அவர் விட்டு வந்த ஊரே மாநிலம் மாறிவிட்டது!

1967-ல் குடியரசுத் தலைவர் பதவி முடிந்ததும் டில்லியிலிருந்து நேராகத் தெற்கே திரும்பினார். ஆனால் திருத்தணிக்கு அல்ல, மயிலாப்பூரில் இருந்த தம் வீட்டுக்கு. 17-4-1975-ல் சென்னையிலேயே காலமானார். அந்த வீடு இருந்த எட்வர்டு எலியட்ஸ் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான்.