வெட்ட வெட்ட வளர்ந்த ஹைட்ரா: விஞ்ஞானிகளைக் குழப்பிய ஒரு வீட்டு ஆசிரியரின் கதை

பள்ளி உயிரியல் புத்தகத்தில் ஹைட்ரா படத்தைப் பார்த்திருப்போம். உடம்பின் பக்கத்தில் குட்டியாக ஒரு மொட்டு, அதற்குக் கீழே ‘பாலிலா இனப்பெருக்கம்’ என்று எழுதியிருக்கும். பரீட்சைக்கு 2 மார்க் கேள்வி. ஆனால், 1740-களில் ஐரோப்பாவின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இது. அதற்குக் காரணமானவர் ஆபிரகாம் டிரெம்ப்ளே.

யார் இவர்?

1710-ல் ஜெனீவாவில் பிறந்தவர். பிழைப்பு தேடி நெதர்லாந்து போனார். ஹேக் நகருக்கு அருகே பென்டிங்க் பிரபுவின் மாளிகையில், அவருடைய இரண்டு மகன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. 1740 கோடையில் குட்டை நீரைக் கண்ணாடி ஜாடியில் எடுத்துவந்து பார்த்தபோது, பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உயிர்கள் தெரிந்தன. முதலில் செடி என்றுதான் நினைத்தார். ஆனால், அவை கைகளை அசைத்தன, தொட்டால் சுருங்கின. ஜாடியைத் திருப்பி வைத்தாலும் மெல்ல நகர்ந்து வெளிச்சம் உள்ள பக்கத்துக்கே வந்து சேர்ந்தன.

செடியா, விலங்கா?

சந்தேகம் தீர ஒரே வழிதான் இருந்தது. செடியை வெட்டி நட்டால் துளிர்க்கும். விலங்கை வெட்டினால் செத்துவிடும். 1740 நவம்பரில் ஒன்றை இரண்டாக வெட்டினார். சில நாட்களில் இரண்டு துண்டுகளுமே முழு உயிராகிவிட்டன! அப்படியென்றால் செடிதானே? அதுவும் இல்லை. அவை புழுக்களைப் பிடித்து விழுங்குவதையும் அவர் பார்த்தார். இரண்டு பக்கமும் சாட்சி இருந்ததால் குழம்பிப்போனார்.

பாரிஸில் இருந்த அறிவியலாளர் ரியூமருக்குக் கடிதம் எழுதி, உயிருள்ள ஹைட்ராக்களையும் அனுப்பினார். முதலில் அனுப்பியவை வழியிலேயே இறந்துபோயின. அடுத்து அனுப்பியவை உயிரோடு போய்ச்சேர, தானே வெட்டிப் பார்த்த ரியூமர் அது விலங்குதான் என்று உறுதிசெய்தார்.

ஏன் இவ்வளவு பரபரப்பு?

உயிர் என்பது பிரிக்க முடியாதது என்று நம்பிய காலம் அது. ஒன்றை வெட்டினால் இரண்டு ஆகிறது என்றால், ஆன்மாவும் இரண்டாகிறதா என்ற கேள்வி எழுந்தது. தத்துவவாதிகளும் மதவாதிகளும் மோதிக்கொண்டார்கள்.

டிரெம்ப்ளே சண்டைக்குப் போகவில்லை. தொடர்ந்து கவனித்தார். வெட்டாமலேயே உடம்பில் மொட்டு விடுவதையும், அது தாயின் இரையில் பங்குபெற்று வளர்ந்து, தனியாகப் பிரிந்துபோவதையும் பதிவுசெய்தார். ஆண், பெண் சேர்க்கை இல்லாமலேயே ஒரு விலங்கு பெருகியது. ஒன்றின் தலையைப் பிளந்து பிளந்து 7 தலைகள் வரை உருவாக்கினார். தலை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கப் புராணப் பாம்பின் பெயரான ‘ஹைட்ரா’வை இந்த உயிருக்குப் பின்னர் லின்னேயஸ் சூட்டினார்.

இவருக்கு முன்பே, லேவன்ஹுக் ஹைட்ராவையும் அதன் மொட்டையும் பார்த்திருந்தார். ஆனால் வெட்டிப் பார்த்து, பிறரும் சோதித்துக்கொள்ளட்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹைட்ராவை அனுப்பிவைத்தவர் டிரெம்ப்ளேதான்.

1743-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு லெய்டனில் அவரது புத்தகம் வெளியானது. பிற்காலத்தில் ஜெனீவா திரும்பி, குழந்தைகளின் கல்வி பற்றி எழுதினார். 1784-ல், 73 வயதில் காலமானார்.

உடலின் இழந்த பாகம் எப்படி மீண்டும் வளர்கிறது என்பதை ஆராய, இன்றும் ஆய்வகங்களில் ஹைட்ராவை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த முதல் வெட்டு, இரண்டு பையன்களுக்குப் பாடம் எடுத்த வீட்டில் விழுந்தது.