டாக்டர் மேரி இரத்தினம் (1873 – 1962)

மாணவர்களே, படுவான்கரையிலோ எழுவான்கரையிலோ நீங்கள் எங்கு வசித்தாலும், உங்கள் கிராமத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வந்து போவதைச் சிறுவயது முதல் கண்டிருப்பீர்கள். கர்ப்பிணித் தாயின் வீடு தேடிச் செல்வார். பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்ப்பார். தடுப்பூசித் திகதியை நினைவூட்டுவார். எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கிடைக்க வழிசெய்வார். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் வாவியைப் படகில் கடந்தே நகரத்து வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அத்தகைய கிராமங்களில் வாசலுக்கு வரும் சேவையின் பெறுமதியை உங்கள் பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

இச்சேவை எக்காலத்திலும் இருந்ததன்று. 1935 இல் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 263 பேர் ஒரு வயதை அடையும் முன்னரே இறந்தனர். அதாவது நான்கில் ஒரு குழந்தைக்கும் மேல்! 1934-35 மலேரியாக் கொள்ளைநோய், தாய்மாரின் போசாக்கின்மை, சுத்தமற்ற பிரசவம் என்பன இதற்குக் காரணங்களாயின. இந்நிலையை எதிர்த்து உழைத்தவர்களுள் ஒருவரே மேரி அம்மையார்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873 இல் மேரி ஏர்வின் எனப் பிறந்த அவர், பெண்கள் மருத்துவராவது அரிதாயிருந்த அக்காலத்தில் ரொறன்ரோவில் மருத்துவம் கற்றார். 1896 இல் அமெரிக்க மிசனின் சார்பில் யாழ்ப்பாணப் பெண்களுக்குச் சேவை செய்யவே இலங்கை வந்தார். ஆனால் அவர் யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரத்தினத்தை மணந்ததை மிசன் ஏற்கவில்லை, பணி மறுக்கப்பட்டது. வேறொருவராயின் கப்பலேறித் திரும்பியிருப்பார். அவரோ கொழும்பு லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிப் பின்னர் தனியாக வைத்தியம் செய்தார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றோட்டத்துக்கு மருந்து பெற்றுச் சென்ற குழந்தை வீட்டில் மீண்டும் அதே அசுத்த நீரைக் குடித்தால் நோய் திரும்பிவிடும். ஆகவே குழந்தையைக் காக்கும் முதல் தாதி தாயே. அவளுக்கு அறிவு சேரவேண்டும். இந்நோக்குடன் மேரி அம்மையார் பாடசாலைகளுக்கான சுகாதார நூல்களை எழுதினார். பெண்களுக்குச் சுகாதாரமும் குழந்தை பராமரிப்பும் கற்பித்தார்.

அவரது பணிகளுள் மிகவும் பயன்தந்தது 1930 இல் தொடங்கிய லங்கா மகிளா சமித்தி என்பேன். தாய்நாடான கனடாவில் கண்ட கிராமியப் பெண்கள் சங்கங்களே அதற்கு ஒரு முன்மாதிரி. கிராமத்துப் பெண்களே ஒன்றுகூடிச் சுகாதாரம், போசாக்கு, குழந்தை வளர்ப்பு, வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைக் கற்றனர். பட்டணத்து வைத்தியர் சொல்லத் தயங்கும் செய்தியை அயல்வீட்டுப் பெண் எளிதாகச் சொல்லிவிடுவாள் அல்லவா?

பெண்களின் குரல் சபைகளில் ஒலிக்காமல் தாய் சேய் நலனுக்குப் பணம் ஒதுக்கப்படாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1927 இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார். 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. (1927, 1930, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளையும் மாணவர் பலர் மாற்றி எழுதுவதுண்டு, கவனம்.) 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி இவரே. எனினும் தொழில்நுட்பக் காரணமொன்றால் அப்பதவியை இழந்தார்.

1946 இல் சிசு இறப்பு 1000 க்கு 141 ஆகக் குறைந்தது. இன்று 10 க்கும் குறைவு. இதனை ஒருவரின் சாதனையாகக் கொள்ளலாகாது. 1926 இல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு முறை, மலேரியா ஒழிப்பு, வீடு வீடாகச் சென்ற மருத்துவிச்சிகளின் உழைப்பு என யாவும் இதில் அடங்கும்.

1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோதும், எண்பது வயதை எட்டிய மேரி அம்மையார் அதில் பங்குகொண்டார். ரமோன் மக்சேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1958 இல் அதனைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். 1962 இல், தாம் வந்திறங்கி அறுபத்தாறு ஆண்டுகளின் பின், அவர் காலமானார்.