மாம்பழப்பட்டில் இறங்கிய பையன்



போன வருஷம் லேத் ஷாப்பில் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சக் கீயைக் கழற்றாமலே மெஷினை ஓட விட்டேன். அது பறந்து போய் சுவரில் மோதியது. பக்கத்தில் நின்ற நண்பனின் காதுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. மனசு முழுக்க கணக்கு அரியரில் இருந்தது. கை மட்டும் லேத்தில் இருந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அதற்குப் பிறகுதான் ரமண மகரிஷியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

வேங்கடராமன் 1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்தவர். அப்பா சுந்தரமய்யர் வக்கீல், 1892-இல் இறந்துவிட்டார். பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி, அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படித்தான். படிப்பில் பெரிய புலியெல்லாம் இல்லை. 1896 ஜூலையில், பதினாறு வயதில், திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொண்டது. நாமாக இருந்தால் ஓடிப்போய் யாரையாவது எழுப்பியிருப்போம். அவன் பிணம் போலப் படுத்து, செத்துப்போவது இந்த உடம்பு, அப்படியானால் நான் என்பது எது என்று உள்ளே பார்த்தான். அந்தப் பார்வை கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 29. இங்கிலீஷ் இலக்கணத்தை இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தவன் நோட்டை மூடினான். மின்சாரப் பாடத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு (எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க!), அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். பழைய அட்லஸில் திருவண்ணாமலைக்குப் பக்கமாகத் தெரிந்தது நம்ம திண்டிவனம். டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும் என்று ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித் தந்தார். விடியுமுன் விழுப்புரம். ஓட்டல்காரர் சாப்பாடு போட்டுக் காசு வாங்க மறுத்தார். மிச்சமிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்கும்தான் தாங்கியது.

அங்கிருந்து சுமார் 10 மைல் நடை, அரகண்டநல்லூர் கோயில் வரைக்கும். எங்கள் முகையூர்ப் பக்கத்து மண்தான் அது. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற எனக்கு இது இத்தனை நாள் தெரியாது! கீழையூரில் ஒரு வீட்டில் சாப்பிட்டு, காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். அதன்பின் 54 வருஷம் அந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை.

1902-இல் நம்ம தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை போய்க் கேள்விகள் கேட்டார். மௌனமாக இருந்த சுவாமி எழுதியே பதில் காட்டினார். ‘நான் யார்?’ என்ற நூல் பிறந்தது அப்படித்தான். அதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஒரு நினைப்பு வந்தால் அதன் பின்னால் ஓடாமல், இது யாருக்கு வந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம். சந்நியாசம் வாங்கப் போகிறேன் என்று வந்தவர்களைக்கூட அவர் பெரும்பாலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்.

அவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விடியுமுன்னே எழுந்து ஆசிரம அடுப்படியில் காய் நறுக்குவார், இலை தைப்பார், புத்தகம் பைண்டு செய்வார், ப்ரூஃப் திருத்துவார். ஒருமுறை ஒரு பண்டிதர் பலன் கருதாத வேலை என்றால் என்ன என்று கேட்டார். சுவாமி பதில் சொல்லவில்லை. மலையில் கிடந்த முள்கம்பு ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். முள்ளைச் சீவி, கணுவைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினார். ஆறு மணி நேரம் ஆனதாம். வழியில் கம்பைத் தொலைத்துவிட்டு நின்ற ஆட்டுக்காரப் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பண்டிதருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஃபைலிங் கிளாஸில் ஒரு ஜாப்பை ஸ்கொயர் பார்ப்பதற்குள் பத்து தடவை கடிகாரம் பார்த்த ஆள் நான். அந்த ஆறு மணி நேரத்தை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கையில் வந்த கட்டிக்கு நான்கு ஆபரேஷன் நடந்தும் ஆளைப் பார்ப்பதை நிறுத்தாமல் இருந்து, 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அடங்கினார்.

கணக்கு அரியர் இன்னும் பாக்கி. லேத் முன்னால் நிற்கும்போது அது ஞாபகம் வரத்தான் செய்கிறது. வந்ததும் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு மூச்சு நின்று, சக் கீ எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். நண்பன் இப்போதும் என் பக்கத்து மெஷினில்தான் நிற்கிறான்.