முழந்தாளிட்ட முதியவர்

1564இல் பைசா நகரிற் பிறந்த கலிலியோ, 1610இல் தாமே செய்த தொலைநோக்கியால் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். விண்ணிலுள்ளன யாவும் பூமியையே சுற்றும் என்ற பழங்கொள்கை ஆட்டங்கண்டது. ஞாயிற்றை நடுவில் வைத்த கோப்பர்னிக்கசை ஆதரிக்கலாகாதென 1616இல் திருச்சபை தடுத்தது. 1632இல், மூவர் உரையாடுவதாக அமைந்த அவரது நூல் வெளிவந்தது. அதுவும் கற்றோர்க்குரிய இலத்தீனில் அன்று, மக்கள் பேசும் இத்தாலிய மொழியில்! தாய்மொழியைப் போற்றும் நமக்கு இச்செய்தி இனிக்கின்றது.

மறு ஆண்டு ஜூன் 22இல், உரோமையில், 69 வயது முதியவர் முழந்தாளிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாக வாசித்தார். இதனைக் கோழைமை என நாம் கூறோம். 1600இல் புருனோ எரிக்கப்பட்ட நகரம் அது. வீட்டுக்காவலில் இருக்கையில் அருமை மகளை இழந்தார், கண்ணொளியும் போயிற்று. ஆயினும் அவருடைய இயக்கவியல் நூல் 1638இல், திருச்சபையின் கை எட்டாத லைடன் நகரில் அச்சேறியது. 1642இல் மறைந்தார். உரையாடல் நூலின் பெயர் தடைப்பட்டியலினின்று நீங்கியதோ 1835இல்!