மின்னியல் மேதை மைக்கேல் ஃபாரடே

இலண்டன் மாநகரை அடுத்திருந்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கொல்லுலையில் உழைத்தவர். நோயாளியாதலின் நாள்தோறும் வேலை செய்ய இயலாதவர். தானிய விலை உயர்ந்திருந்த 1801ஆம் ஆண்டில், சிறுவன் மைக்கேலுக்கு அளிக்கப்பட்ட ஒரு ரொட்டி ஒரு வாரம் முழுமைக்கும் உரியதாயிருந்தது. எழுத்தும் வாசிப்பும் எளிய கணக்கும் கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிவுற்றது.

13ஆம் வயதில் ரீபோ என்பாரின் புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஏழாண்டுகள் புத்தகம் கட்டும் தொழில் பயின்றார். பிறருக்காகக் கட்ட வந்த நூல்களை எல்லாம் தாம் படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் நூலும் அவரை அறிவியலின்பால் ஈர்த்தன. டேட்டம் என்பாரின் அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லுத்தொழில் செய்த தமையன் இராபர்ட் அதனைக் கொடுத்துதவினார்.

1812ஆம் ஆண்டு, கடைக்கு வந்த டான்ஸ் என்னும் பெரியவர், இராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு அளித்தார். ஃபாரடே குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், வாரம் 25 ஷில்லிங் ஊதியத்தில் ஆய்வுக்கூட உதவியாளரானார்.

அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றார். டேவியின் பணியாள் உடன்வர மறுத்ததால், அவ்வேலைகளும் ஃபாரடேயின் தலையில் விழுந்தன. டேவியின் மனைவியார் அவரை ஏவலாளாகவே நடத்தினார், உணவும் வேலைக்காரர்களோடுதான். மனம் நொந்து படிப்பையே விட்டுத் திரும்பிவிட எண்ணியதும் உண்டு. ஆயினும் பொறுத்திருந்து, அறிஞர் பலரைக் கண்டு, கற்கவேண்டியவற்றைக் கற்றே திரும்பினார். 1824ஆம் ஆண்டு இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, அதன் தலைவராயிருந்த டேவியே அதனை எதிர்த்தார். எனினும் வாக்கெடுப்பில் ஃபாரடேவுக்கு எதிராக விழுந்தது ஒரே வாக்குதான்.

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை 1820இல் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். மின்சாரம் காந்த விளைவைத் தருமெனில், காந்தம் மின்சாரத்தைத் தராதா என்பதே ஃபாரடேயின் வினா. 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச்சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், மற்றொன்றுடன் தொடர்புற்ற ஊசி அசைந்து நின்றது. இணைப்பைத் துண்டித்த கணத்தில் எதிர்த்திசையில் அசைந்தது. மின்னோட்டம் மாறாது பாய்ந்த இடைக்காலத்தில் அசைவே இல்லை. அக்டோபர் 17ஆம் நாள், சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் அதே விளைவைப் பெற்றார்.

மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய கருத்து இதுவே: சும்மா கிடக்கும் காந்தம் மின்னோட்டம் தராது. சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறவேண்டும். மாற்றம் எவ்வளவு விரைவோ, தூண்டப்படும் மின்னியக்கு விசையும் அவ்வளவு மிகுதி. அணைக்கட்டு நீர் சுழற்றும் மின்னாக்கியும், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் மின்மாற்றியும் இத்தத்துவத்தின் வழிவந்தவையே.

உயர்கணிதம் ஃபாரடே அறியாதது. அக்குறையைக் கூர்ந்த நோக்கினால் ஈடுசெய்தார். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் காட்டும் கோடுகளை விசைக்கோடுகளாகக் கண்டார். பின்னாளில் மாக்ஸ்வெல் அக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தார். மின்பகுப்பு விதிகளை வகுத்தவரும் ஃபாரடேயே. மின்தேக்குத் திறனின் அலகு அவர் பெயரால் ஃபாரட் எனப்படுகிறது. சர் பட்டத்தையும் இராயல் கழகத் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்து, 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! அவருடைய உழைப்பை மட்டும் போற்றினால் வரலாற்றில் பாதியைத்தான் படித்தவராவோம். தமையனின் ஒரு ஷில்லிங்கும், பெரியவரின் நுழைவுச் சீட்டும் மறுபாதியாகும். அவை கிடைக்காது அடுப்படியிலும் பட்டறையிலும் அவிந்துபோன அறிவு எத்தனையோ! நம் சங்கத்தால் படித்து உயர்ந்தோர், பின்வரும் ஒரு பிள்ளைக்கேனும் அச்சீட்டைக் கொடுப்பாராக. பெறும் பிள்ளை, கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பானாக.