முத்துலட்சுமி அம்மா

நம்ம பக்கம் யாராவது மாசமா இருந்தா, முத்துலட்சுமி பணத்துக்குப் பதிஞ்சாச்சான்னுதான் முதல்ல கேப்போம். பணமும் பெட்டகமுமா 18,000 ரூபாய் வருதே, அந்தப் பணம்தான். அந்தப் பேருக்கு உரிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி அய்யர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் பொம்பளப் புள்ள வயசுக்கு வந்தா பள்ளிக்கூடம் அதோட சரி. இவருக்கும் நின்னு போச்சு. ஆனால் அவங்க அப்பா படிப்பை விடவில்லை, வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிக் தேறினார். ஊர் பேச்சைக் கேக்காத அந்த அப்பாவுக்குத்தான் நான் முதல்ல கும்பிடு போடுவேன். அடுத்து, பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மகாராஜா அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார்.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912ல் டாக்டர். கல்யாணம் 1914ல்தான். தன்னைச் சமமாக மதிக்கணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லித்தான் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கொண்டார். இன்னைக்குக்கூட அப்படிக் கேக்குற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கு?

1927ல் சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராக உட்கார்ந்தார், துணைத்தலைவரும் ஆனார். வெளியே பேசக் கூச்சப்படுகிற விஷயத்தை ஒரு டாக்டராக அங்கே பேசினார். உடம்பு முத்தாத பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 வயசாவது ஆகணும்னு தீர்மானம் கொண்டு வந்தார். 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14தான் வைத்தது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கவும் போராடினார். அந்தச் சட்டம் வர 1947 ஆயிருச்சு. போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் ஆரம்பித்தார். தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். 1968ல் காலமானார்.

ஒண்ணு சொல்லணும். அவர் பேரில் வருகிற பணம் 19 வயசு நிறையாத பிள்ளைக்குக் கிடையாது. 17 வயசுல மாசமாகி, நர்சம்மா முன்னாடி தலையைக் குனிஞ்சு நிக்கிற பிள்ளைகளை நாமளே பாத்திருக்கோம். அதுங்கள்ல பாதி பேருக்குத் தன் உடம்பைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. படிக்கிற பிள்ளைக்காவது பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏதாவது சொல்வார். எட்டாவதோட நின்னு மில்லுக்குப் போற பிள்ளைக்கு அங்கன்வாடியில் நாப்கின் கிடைக்கும், விவரம் கிடைக்காது.

அதனால எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சம்மாவைக் கூப்பிட்டு, வேலைக்குப் போற பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொல்வது. ஆம்பளப் பசங்களைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு ரெண்டு கூட்டம் சண்டை. முத்துலட்சுமி அம்மா பையனுக்கும் சேர்த்துத்தானே வயசு கேட்டாங்கன்னு நான் சொன்னேன். பசங்களுக்குத் தனியா ஒரு நாள், ஆண் சுகாதார ஆய்வாளரை வைத்து நடத்தலாம்னு முடிவாச்சு.